முனிரத்தினம் முட்டுக் கொடுத்த வீடு

சுரங்கக் கூலிகள் குடியிருக்கிற புளியமரத்து லைனில் நிலம் நடுங்கும்போதெல்லாம் பார்வதம்மாவின் குடிசை மட்டும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பும். நடுக்கம் நின்றதும் பழைய இடத்திலேயே வந்து உட்காரும். அடுப்பில் இருக்கிற உலைகூடத் தளும்பாது. அவள் புருஷன் முனிரத்தினம், சுரங்கத்துக்குள்ளே லெவலில் கூரைப்பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவன். ஒரு ஷிப்டில் பாறை சரிந்தது, ஆளேற்றுகிற கேஜ் அவன் இல்லாமல் மேலே வந்தது, உடம்பும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நடுக்கத்திலிருந்து வீடு எழும்பத் தொடங்கியது. செத்தும் வேலையை விடாத மனுஷன் பெண்டாட்டி வீட்டுக்கு அடியில் நிற்கிறான் என்று லைனில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. புரிந்த அன்றே அவளைப் பிடிக்காமலும் போயிற்று. கிணற்றடியில் அவள் குடத்தைப் போட்டு உடைத்தார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மற்றவர்கள் இடிந்த சுவரை எழுப்பிக்கொண்டிருக்கும்போது வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவாள்.

எந்த லைன் ஆபத்தானது, எதை வேறிடத்துக்கு மாற்றுவது என்று மதிப்பிட அந்தச் சமயத்தில்தான் ஹரோல்ட் துரை வந்து சேர்ந்தார். பாதரசம் நிரப்பிய தாம்பாளம் ஒன்று கொண்டுவந்திருந்தார். அது எவ்வளவு தளும்புகிறதோ அவ்வளவு ஆபத்து. அதை வைக்க விரிசல் இல்லாத வீடு வேண்டும் என்றார். லைனில் அப்படி இருந்தது ஒரே வீடு. தலையெழுத்து, வேறென்ன சொல்ல!

அடுத்த நடுக்கத்தில் துரை கதவைச் சாத்திக்கொண்டு தாம்பாளத்தையே பார்த்திருந்தார். வீடு அவரோடு எழும்பி இறங்கியது, பாதரசம் அசையவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம்மாவின் சுவர் விழுந்து அவள் மகளைக் கழுத்துவரை மூடியது. வீடு அந்தரத்தில் நிற்கிறது என்று ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். துரையின் துபாஷ் மாணிக்கராஜ் அதை மொழிபெயர்க்கவில்லை, பைத்தியக்காரப் பட்டம் வாங்க அவனுக்கு ஆசையில்லை. இன்னும் ஒரு நடுக்கம் பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று எழுதிக் கிளம்புவதாகத் துரை சொல்லிவிட்டார்.

மகளைத் தோண்டியெடுத்த தங்கம்மா மண் ஒட்டிய கையோடு வந்து நின்றாள். "ஒன் புருசன் ஒன்ன மட்டும் தூக்கினு கீறான். எம் பொண்ணு மண்ணுல போவணுமாடி?"

"என் கொடத்த ஒடச்சப்போ இன்னா நெனச்ச? போடி," என்று பார்வதம்மா கதவை அறைந்து சாத்தினாள். ஆனால் அந்தப் பெண் மண்ணை இருமித் துப்பும் சத்தம் நாள் முழுக்கச் சுவர் வழியாக வந்தது. பார்வதம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாழாய்ப்போனவர்கள் என்று லைன் முழுவதையும் திட்டினாள், கடைசியில் புருஷனையும் திட்டினாள்.

மறுபடி நிலம் நடுங்கி வீடு கிளம்பியபோது, துரை உள்ளே இருக்கும்போதே அவள் புகுந்து தரையை ஓங்கி மிதித்தாள். "யோவ், கைய எடுய்யா!" வீடு கொஞ்சம் தயங்கி நின்றது. "எட்றான்னா எடு! அந்தப் புள்ள செத்துடும்யா!" என்று கதறினாள். வீடு பொத்தென்று விழுந்து நொறுங்கியது. துரையைக் கூரைக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தார்கள். அவர் தாடியெல்லாம் பாதரச மணிகள். இந்த மண்ணில் மனிதர் குடியிருக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே எழுதினார்.

லைனை ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். அங்கே எப்போதாவது லேசாக நடுங்கும், எல்லார் சுவரோடும் பார்வதம்மாவின் சுவரும் விரிசல் விடும். தங்கம்மா குழைத்த மண்ணோடு வந்து பூசிக்கொடுத்துவிட்டுப் போவாள். இரண்டு பேரும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

பார்வதம்மா இடம் மாறியதை முனிரத்தினத்திடம் யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று அவளே பழைய இடம்வரை போவாள், மனசு வராமல் திரும்பிவிடுவாள். அன்று அவள் சொன்னாளே என்று கையை எடுத்தவன், அடுத்த நடுக்கத்திலேயே மறுபடி முட்டுக் கொடுத்துவிட்டான். இன்றைக்கும் நிலம் நடுங்கினால் அந்த வெற்று மண் ஒரு முழம் எழும்பி இறங்கும். மேலே மேய்கிற ஆடுகள் புல்லிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.