மாப்பிள்ளை வரும் வழி

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் மாயவனின் ஊரில், பொங்கல் முடிந்த கையோடு வேட்டை தொடங்கிவிடும். வேட்டை நாட்களில் அந்த ஊரில் யாரும் ஒரு சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். மான் என்று சொல்லக் கூடாது. அது அம்மன் மடியில் விளையாடும் குட்டி. பேரைச் சொன்னால் காதில் விழுந்து எழுந்து ஓடிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் மாப்பிள்ளை என்பார்கள். கொம்பைத் தலைப்பாகை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து அது நடந்து வரும் அழகுக்கு அந்தப் பேர் பொருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது காட்டில் உயிருள்ள எதன் மீதும் அவர்கள் கை வைப்பதில்லை. சட்டம் அப்படி. சட்டம் வந்த புதிதில் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அம்மன் முன்னால் பூப்போட்டுக் கேட்டபோது, வைக்கோலே போதும் என்று உத்தரவு கிடைத்துவிட்டது. தன் மடியில் வளர்ந்ததைக் கொன்று கொண்டுவந்து தன் காலடியிலேயே போடுவதை எந்தத் தாய்தான் ஆசைப்பட்டுக் கேட்டிருப்பாள்? மூங்கில் சட்டத்தில் சாமை வைக்கோலைக் கட்டி, காய்ந்த கிளையைக் கொம்பாகச் செருகி, சறுக்குக் கட்டை மேல் நிறுத்துவார்கள். கயிற்றைக் கட்டி மேட்டிலிருந்து சரிவில் இரண்டு பேர் இழுப்பார்கள். ஓடுகிற அதை வில்லால் அடிக்க வேண்டும். பூசை முடிந்ததும் அந்த வைக்கோலை மாடுகள் தின்னும். யாருக்கும் நஷ்டமில்லாத வேட்டை.

முதல் அம்பு மாயவனுடையது. அவன் மணிக்கட்டில் காப்புக் கட்டி, முதல் அம்பு விடும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பான். மலையில் அவனைவிட வயதானவர்கள் உண்டு, பலசாலிகள் உண்டு. ஆனால் வில்லை எடுத்து நின்றால் அவன் குறி தப்பாது. அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால் வேட்டை நெருங்கினால் ஆளாளுக்கு அவனிடம்தான் யோசனை கேட்பார்கள். முன்பெல்லாம் நேரில் கேட்டார்கள். இப்போது வாட்ஸாப் குரூப்பில் கேட்கிறார்கள்.

காப்புக் கட்டிய அன்று சாயங்காலமும் அப்படித்தான் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல அவனுக்குப் பொறுமையில்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்குமாகச் சேர்த்துக் கணீரென்று பேசி அனுப்பினான். குரூப்பின் படத்தில் அவன் ஊர் அம்மன் இருந்தாள். அந்த ஒரு அடையாளத்தை வைத்துத்தான் அவன் குரூப்பைக் கண்டுபிடிப்பான். கண்ணாடி இல்லாமல் எழுத்துப் படிக்க வராது.

அவன் மறந்த விஷயம் ஒன்றுதான். மகள் இசைவாணியின் கல்யாணத்துக்காக இரண்டு குடும்பமும் சேர்ந்து ஆரம்பித்த குரூப்புக்கும், நல்ல காரியம் ஆயிற்றே என்று, அதே அம்மன் படத்தை வைக்கச் சொன்னவன் அவன்தான்.

மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து இசைவாணி போன் செய்தாள். அங்கே ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை.

"அப்பா, கல்யாண குரூப்புல இன்னா பேசி வெச்சிருக்க?"

"நா எங்கம்மா அதுல பேசினேன்?"

"போட்டுக் கேளு. அவங்க அம்மா என் போனையே எடுக்கல. அவருதான் எடுத்தாரு. ராத்திரியிலிருந்து அம்மா சாப்பிடலன்றாரு."

மாயவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். குரூப்பின் பேர் கல்யாண குரூப் என்றுதான் இருந்தது. தன் குரலைத் தானே கேட்டான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா. போன வருசம் மாதிரி அவசரப்படக் கூடாது. மாப்பிள்ளை வரசொல்ல ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க. பொதருக்குப் பின்னால குந்திக்கினு இருங்க. நேரா நெஞ்சப் பாத்து அடிக்கிறவன் முட்டாள். பக்கவாட்டுல திரும்பட்டும், தோளுக்குக் கொஞ்சம் கீழ அடி. மாப்பிள்ளை வலது கால இழுத்துக்கினுதான் வரும், அது எப்பவும் அப்படித்தான். சிரிச்சிடாதீங்க. இழுக்கற எடத்துல செத்த நிக்கும் பாரு, அதான் நம்ம நேரம். எத்தினி வருசமா பாக்கறேன், எங்கிட்ட தப்பிச்சுப் போன மாப்பிள்ளையே கெடையாது!"

சறுக்குக் கட்டையின் வலது பக்கம் ஒரு பாறையில் எப்போதும் தட்டும். அதைத்தான் அவன் சொன்னான். ஆனால் நைனார்பாளையத்தில் இருக்கும் தமிழ்வேந்தனுக்கு, உழவு இயந்திரத்தில் அடிபட்டதிலிருந்து வலது கால் கொஞ்சம் இழுக்கும். மாயவனின் மருமகனாகப் போகிறவன் அவன்தான்.

அந்தக் குடும்பமும் மலைக் குடும்பம்தான். ஆனால் தாத்தா காலத்திலேயே கீழே இறங்கி, நைனார்பாளையத்தில் நிலம் பிடித்து, பயிர் வைத்து, அங்கேயே ஊன்றிவிட்டவர்கள். வேட்டைப் பேச்சு அவர்களுக்குத் தெரியாது.

மாயவனின் மனைவி கலையரசி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் அண்ணன் சடையன் மட்டும் நிதானமாக இருந்தான்.

"இன்னிக்கி உச்சிப்பொழுதுக்கு முதல் அம்பு, மச்சான். முடிஞ்சதும் போலாம். நீதான சொல்லுவ, அடிபட்டது பின்னால ஒடனே ஓடாத, ஓடினா அது இன்னும் தூரம் போவும், ஆற வுட்டுப் போன்னு?"

"அது காட்டுக்குச் சொன்னது," என்றான் மாயவன் சட்டையை மாட்டியபடி. "மனுசங்க ஆற ஆறத்தான் தூரம் போவாங்க. காலைல ஒருத்தரு அடுப்புப் பத்த வெக்காம குந்திக்கினு இருக்காங்க, நா இங்க வைக்கோலக் குறி பாத்துக்கினு இருக்கவா?"

"போன்ல சொல்லிடேன்."

"போன்தானே இம்மாம் வேலையும் பண்ணுச்சு!"

கிடைத்த பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக இறங்கினான். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினான். வழி நெடுக ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்தான்: அந்த அம்மாள் கதவைத் திறந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்குத் தன் மேல் நம்பிக்கை உண்டு. அதைவிட அதிகம் அவள் மேல்.

கதவு திறந்துதான் இருந்தது. தமிழ்வேந்தனின் தாய் தைலம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக நிலத்தையும் மகனையும் பார்த்துக்கொண்டவள். ஆள் வந்ததைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மலைக்காரரே. நேர்லயே அடிச்சிட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"தப்பு நடந்துபோச்சுங்க. நா பேசினது வேற ஆளுங்களுக்கு."

"ஓ, எங்களுக்குத் தெரியாம ஊருல சிரிக்கணும்னு பேசினதா?"

"ஐயோ, மாப்பிள்ளைன்னா உங்க புள்ள இல்லீங்க. அது எங்க மாப்பிள்ளை."

தைலம்மாளின் கை நின்றது. "அப்ப ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்கீங்களா?"

மாயவன் தன் காப்பைப் பார்த்தான். காப்புக் கட்டினவன் அம்பு விடுவதற்கு முன் அந்தச் சொல்லைச் சொன்னால், காப்பை அவிழ்த்துவிட வேண்டும். முதல் அம்பு அவனுக்கில்லை. சொல்லாமலே விளக்கிவிடலாம் என்று இன்னும் ஒரு முயற்சி செய்தான்.

"எங்க மாப்பிள்ளைக்கு நாலு காலுங்க."

"இன்னாது?"

"ஒடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். தலையில கொம்பு..."

"எம் புள்ளைக்குக் காலு இழுக்குதுன்னு சொன்னது பத்தாதுன்னு, இப்ப கொம்பு வேற வெக்கிறீங்களா?" என்று எழுந்தவளின் கண் நிறைந்துவிட்டது. "போன வருசம் ஒரு வூட்டுல பொண்ணு பாத்துட்டு வந்தோம். நல்லாத்தான் பேசினாங்க. நாங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள சிரிப்பு கேட்டுச்சு. எம் புள்ளைக்கும் கேட்டுச்சு. கேக்காத மாதிரி நடந்து வந்தான். நடக்கறான், பின்னால திரும்பல. உங்க வூட்டுலதான் யாரும் அவன் காலப் பாக்கலன்னு நெனச்சேன். நீங்க நிறுத்தி வெச்சு நேரம் குறிச்சிருக்கீங்க."

அதற்கு மேல் மாயவனால் காப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மான்," என்றான். "அது மானுங்க. வைக்கோல் மான். வேட்டை நாள்ல பேரச் சொல்லக் கூடாதுன்னு மாப்பிள்ளைன்றோம். அத ஏத்தியிருக்கற கட்டை ஒரு பாறையில தட்டி இழுக்கும். அதத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். மஞ்சள் துணியை மடித்து, செருப்பைக் கழற்றி உள்ளே போய், சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

"அத ஏன் கழட்டினீங்க?" தைலம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

அவன் காரணத்தைச் சொன்னான். பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதைப் போல் சொன்னான்.

"நாளைக்கு வந்து சொல்லியிருந்தா அம்பும் வுட்டிருப்பீங்க, பேரும் சொல்லியிருப்பீங்களே?"

"ஒரு நாள் பூரா நீங்க சாப்பிடாம இருந்திருப்பீங்களே."

அந்த நேரம் பார்த்துத் தமிழ்வேந்தன் கொல்லையிலிருந்து வந்தான். மாயவனைப் பார்த்ததும் மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா," என்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. "நா அப்பவே அம்மாகிட்ட சொன்னேன், அது நம்மளப் பத்தி இருக்காதுன்னு. கேக்க மாட்டேன்னுட்டாங்க."

"உனக்கு எப்டிடா தெரியும்?" என்றாள் தைலம்மாள்.

"பொதருக்குப் பின்னால குந்திக்கினு இருக்கணும்னாரே. நம்ம இசைவாணி வூட்டுல பொதரே இல்லம்மா."

தைலம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மாயவன் அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து பேசினான். "அந்தக் காலப் பத்தி நா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நாங்க பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். பாத்தோம். அன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்தப்ப எம் பொண்டாட்டி சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. உங்க புள்ள குடிச்சிட்டு, மேட்டுல இருக்கற தொட்டி வரைக்கும் அதே கால வெச்சிக்கினு ஏறிப் போயி, சொம்பக் கழுவிக் கவுத்து வெச்சிட்டு வந்தாரு. யாரும் பாக்கலன்னு நெனச்சாரு. ஜன்னல்லேருந்து எம் பொண்ணு பாத்துக்கினு இருந்தா. அப்பவே அவ முடிவு பண்ணிட்டா. நாங்க அப்புறந்தான் பண்ணோம்."

தமிழ்வேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்திருந்தது. ஒரு சொம்பைக் கழுவி வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் கடவுள் மனிதர்களை எடைபோடப் பெரிய எடைக்கற்களைத் தேடிக்கொண்டிருப்பதில்லை என்று தோன்றுகிறது.

மாயவனின் போன் அடித்தது. சடையன்தான்.

"மச்சான், எங்க இருக்க? பூசாரி கேக்கறாரு."

"பேரச் சொல்லிட்டேன் மச்சான். முதல் அம்ப நீ வுடு."

அந்தப் பக்கம் கோயில் மேளத்துக்கு மேலே சடையன் கத்தினான்.

"சொல்லிட்டியா? அடப் போ மச்சான்! எனக்குக் கையெல்லாம் இப்பவே ஆடுது."

"ஆடட்டும். நாணை இழுக்கசொல்ல நின்னுடும். மூச்ச வெளிய வுட்டுட்டு இழு. பாறைக்குக் கீழ்ப்பக்கம் நில்லு, வெயிலு முதுகுல இருக்கணும்."

"ஜாஸ்தி தூரமா இருக்கே?"

"உனக்குக் கம்மி தூரம்தான் தப்பும். ரொம்ப யோசிப்ப."

அவன் போனை வைத்தபோது தைலம்மாள் வாசலில் இல்லை. உள்ளே அடுப்புப் பற்றும் வாசனை வந்தது. பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. மல்லாட்டையை முறத்தோடு உள்ளே எடுத்துப் போன தமிழ்வேந்தன் திரும்பி வந்து, அவனுக்குப் பாய் விரித்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாவுதுப்பா," என்றான் மாயவன்.

"இன்னா நேரம்?" என்று உள்ளேயிருந்து தைலம்மாள் கேட்டாள். "விரதம்தான் போயிடுச்சே, இனி எதுக்குப் பட்டினி? நானும் சாப்பிடணும். எத்தினி பேருக்கு அரிசி போடறதுன்னு பாக்கறேன். உங்க பொண்ணு மதியம் சாப்பாட்டுக்கு லீவு கேட்டா குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாக்கலாமுங்க."

"நா கேக்கறேன். நேத்துலேருந்து அவ போனை நாந்தான் எடுக்கல, நாந்தான் பேசணும்." அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, மகனிடமிருந்து போனை வாங்கினாள். மறுமுனையில் எடுக்கும்வரை காத்திருந்தவள், மாயவன் இன்னும் நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்தாள்.

"ஏன் நிக்கறீங்க? குந்துங்க சம்மந்தி," என்றாள்.