முடிவை மாற்றும் உரிமை

பதினான்காவது விதியை முதலில் பார்த்தவர் கமாதான். வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஒப்பந்தங்களை அடித்து அடித்து, எழுதுகிற கதையிலும் மூச்சுக்கு ஒரு கமா போடுவார். அதனால் அந்தப் பெயர். சின்னவள் மருந்துக்கடையில் இருக்கிறாள். மாத்திரை அட்டையின் முதுகில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும் எழுத்தை நாள் முழுக்க ஊருக்கே படித்துச் சொல்கிறவள், தன் கதையை அனுப்பப்போகும் போட்டியின் விதிகளை மட்டும் பரிசு அறிவிப்போடு நிறுத்திவிட்டாள். முதல் பரிசுக் கதைக்கு ஒரு முழுப் புத்தகம் போடுவார்களாம். அதற்கு மேல் அவள் கண் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மூன்று பேரும் டீச்சர் வீட்டு டியூஷன் அறையில் கூடுவார்கள். சுவரில் வாய்ப்பாடு. குழந்தைகள் உட்காரும் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். இலக்கியம் வளர்க்க இந்த இடமாவது கிடைத்ததே என்று ஒருவரும் குறை சொல்வதில்லை. அன்றைக்குக் கமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அலுவலகக் குரலில் வாசித்தார்.

"வெற்றி பெற்றாலும், பெறாவிட்டாலும், போட்டிக்கு வந்துசேரும் எல்லாப் படைப்புகளின் முழு உரிமையும் நிறுவனத்தையே சேரும். அவற்றைச் சுருக்கவும், விரிக்கவும், மாற்றவும், வேறு வடிவங்களில் பயன்படுத்தவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. படைப்பை அனுப்புவதே இதற்கான சம்மதம்."

"தோத்தாலுமா?" என்றாள் சின்னவள்.

"தோத்தாலும்தான். கமா எல்லாம் சரியான இடத்துல இருக்கு பாருங்க. கெட்டிக்கார வக்கீல் எழுதினது. எனக்கே பயமா இருக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் இப்படி எதையும் படிக்காமல் ஒரு போட்டிக்கு ஒரு கதையை அனுப்பியவர். பரிசும் இல்லை, பதிலும் இல்லை. பல வருடம் கழித்துத் தன் கதைகளைத் தொகுத்துச் சொந்தமாகப் புத்தகம் போடலாம் என்று கிளம்பியபோது, அந்தக் கதையைச் சேர்க்கக் கூடாது என்று போட்டி நடத்தியவர்கள் கடிதம் எழுதிவிட்டார்கள்.

"பெத்தது நான்" என்றார் டீச்சர். "கட்டிக்கொடுத்த பொண்ணாவது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போவா. இவ வாசப்படியே மிதிக்கக் கூடாதாம்."

"அப்போ நீங்க அனுப்பலையா?" என்று சின்னவள் கமாவைக் கேட்டாள்.

"நான் அனுப்புறேன். என் கதையை வீட்டுல இருக்கிறவங்களே படிக்கல. எவனாவது எடுத்துக்கிட்டான்னா, எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிருப்பான்ல? அது போதும் எனக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஆனா உங்க கதை வேற. அது உங்க கதை மட்டும் இல்லையே."

அதுதான் விஷயம். சின்னவள் எழுதியிருந்தது அவள் அக்காவின் கதை.

அத்தானுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு ஆட்கள் என்று ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. கடைசி ஒரு வருடம் அவர் அக்காவைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டார். "அம்மா" என்று கூப்பிடுவார். அக்காவும் "என்னப்பா" என்று போய் நிற்பாள். வேறு என்ன செய்வாள்? நான் உன் அம்மா இல்லை என்று சொன்ன நாளில் அவர் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அதன் பிறகு அவள் சொல்லவில்லை. "அம்மா" என்றே சொல்லிக்கொண்டு அவர் கண்ணை மூடினார். இதையெல்லாம் அக்கா வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை. தங்கையிடம் மட்டும், ஒரு மத்தியானம், பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "உனக்கு இல்லாத உரிமையாடி" என்றுவிட்டாள்.

சின்னவளும் உயிரைக் கொடுத்துத்தான் எழுதினாள். பத்திரிகைகளுக்கு அனுப்பி அனுப்பிக் கிணற்றில் போட்ட கல்லாய்ப் போன கதைகளுக்குக் கணக்கில்லை. இது அப்படி இல்லை. டீச்சர் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. கமா ஒரு கமாவைக்கூடச் சேர்க்கச் சொல்லவில்லை. இந்த ஒரு கதை வெளியே போனால் தன்னை எழுத்தாளர் என்று நாலு பேர் சொல்வார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. அது நியாயமான ஆசை.

மறுநாள் கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, போட்டிக்காரர்களின் எண்ணுக்குப் போன் செய்தாள். தேன் ஒழுகப் பேசுகிற ஒரு இளைஞன் எடுத்தான்.

"மேடம், அந்த ரூல் எல்லாருக்கும் பொது. ஒருத்தருக்காக எடுக்க முடியாது. இஷ்டம் இல்லைன்னா அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான். கதை எதைப் பத்தி மேடம்?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எழுதுகிறவளிடம் கதை என்ன என்று ஒருவர் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? இரண்டே வரியில் சொன்னாள்.

"ஐயோ, சூப்பர் மேடம்! பொண்டாட்டியைப் புருஷன் அம்மான்னு கூப்பிடுறார். இதை அப்படியே லைட்டா மாத்தி காமெடி சீரிஸா பண்ணலாம். அட்டகாசமா போகும். கண்டிப்பா அனுப்புங்க."

அவன் கெட்டவன் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னான். போனை வைத்த பிறகு சின்னவள் சர்க்கரை மாத்திரை கேட்டவருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கடை முடிந்ததும் கதையைப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தாள். கையால் எழுதிய ஒரே பிரதி அது. கமா அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். கடைசித் தேதியும் நெருங்கிவிட்டது. அக்கா இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருக்கிறாள். ரெடிமேட் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். அறையில் பாதியைச் சட்டைகளே பிடித்துக்கொண்டிருக்கும்.

"வாடி. செருப்பை உள்ள கொண்டாந்து விடு. நேத்து கீழ் வீட்டுக்காரம்மாது ஒண்ணு காணாமப் போச்சு."

"ஒத்தைச் செருப்பையா எடுத்துட்டுப் போனாங்க?"

"எந்தப் புண்ணியவானோ. ஒத்தைக்கால்ல போட்டுக்கிட்டு எங்க போறானோ."

சின்னவள் சட்டைகளை ஒதுக்கி உட்கார்ந்தாள். "அக்கா, உன்னை ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கைக்குத்தான் வேலை. காது சும்மாதானே இருக்கு."

விதியைச் சொன்னாள். போனில் பேசியதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அக்கா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அனுப்பிட்டா அது உன்னோடது இல்ல?"

"இல்ல."

"என்னோடதும் இல்ல."

"இல்ல அக்கா. சிரிப்புக் கதையாக்கக்கூட அவங்களுக்கு உரிமை இருக்கு."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நானே சிரிச்சிருக்கேன்" என்றாள் அக்கா. "ஒரு நாள் எங்க கல்யாண போட்டோவைப் பாத்துக்கிட்டே இருந்தார். 'அம்மா, இந்தப் பொண்ணு யாரு? பாக்க லட்சணமா இருக்கா. இவளையே எனக்குப் பேசி முடிச்சிடேன்'னார். சரிப்பா, பேசுறேன்னேன். சிரிப்பு தாங்கல. அப்புறம் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்."

இதை அவள் முன்பு சொன்னதில்லை. சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். இதை எழுதியிருக்கலாமே என்று ஒரு கணம் மனசு ஓடியது. ஓடியதற்காக அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மாத்தலாம்னா எதை எதை மாத்துவாங்க?"

"எதை வேணும்னாலும். இடம், ஆளு, முடிவு, எல்லாம்."

"முடிவையுமா?"

"முடிவையும்தான்."

அக்காவின் கை நின்றது. "கடைசியில அவர் என் பேரைச் சொல்ற மாதிரி மாத்துவாங்களா?"

அத்தான் அக்காவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். செல்லப் பெயர் கிடையாது, அடியே கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்கும் முழுப் பெயரைச் சொல்வார். கல்யாணமான புதிதில் சின்னவள் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்ததுண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி இருக்கிறதென்று.

"நீ கடைசிப் பக்கம் படிச்சியே அக்கா. நல்லா இருக்குன்னு சொன்னியே."

"படிக்கல. அதுக்கு முன் பக்கத்தோட மூடி வச்சுட்டேன். அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நேற்று மாலையிலிருந்து உரிமை, உரிமை என்று எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாள்! அக்காவுக்கு எந்த முடிவு வேண்டும் என்று ஒரு தடவைகூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை. டீச்சரை அழவைத்த அந்தக் கடைசிப் பக்கத்தை எத்தனை முறை செதுக்கியிருப்பாள். அத்தான் "அம்மா" என்று சொல்லிக் கண் மூடும் வரிக்காக ஒரு வாரம் தூக்கம் கெட்டாள். அது சரியாக அமைந்த அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் வாழ்க்கையில் மிகவும் கொடுமையான நிமிடம் அது. நன்றாக வந்துவிட்டதென்று தங்கைக்காரி சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"அவங்க மாத்தினாலும் உன் பேரைப் போட மாட்டாங்க அக்கா" என்றாள் மெதுவாக. "கதையில நான் 'அவள்'னுதான் எழுதியிருக்கேன். உன் பேரு அவங்களுக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

"அப்படி நடக்கலையே அக்கா."

"நடந்தது என்கிட்ட பத்திரமா இருக்கு" என்றாள் அக்கா. கோபம் இல்லை, விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "அது எங்கேயும் போகாது. நீயும் எதுக்குடி அதையே வச்சிருக்கணும்?"

சின்னவள் பையிலிருந்து கதையை எடுத்தாள். முடிவை மாற்றினால் கதை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை நாள் மறந்தவர் கடைசி மூச்சில் பெயரைச் சொல்கிறார் என்றால் எந்த நடுவரும் அந்த இடத்தில் சலித்துக்கொள்வார், அவளே சலித்துக்கொள்வாள். அக்காவுக்குத் தெரியாமல் பழைய முடிவை அனுப்பிவிட்டு, இவளுக்கு மட்டும் தனியாக ஒன்றை எழுதி வாசித்துக் காட்டலாமே என்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். நாலு பேர் எழுத்தாளர் என்று சொல்வது அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் பாதியைக் குறுக்கே அடித்தாள். ஒரு வரிகூடத் தெரியாதபடி அழுத்தி அடித்தாள்.

"என்னடி பண்ற? போட்டி?"

"அனுப்பல. உன் பேரு இதுல வரப்போகுது. அவங்க கைக்கு அது போகக் கூடாது."

"உன் புத்தகம்?"

"வேற கதை எழுதுறேன். என்னோடதா ஒண்ணு எழுதுறேன்."

சின்னவள் பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தில் எழுதினாள். இது ஒரு வாரம் எடுக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு நீட்டினாள். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை, மடியில் சட்டையும் கையில் ஊசியுமாக இருந்தாள்.

"நீயே படி."

சின்னவள் படித்தாள். கட்டில், பாதி திறந்த ஜன்னல், மருந்து வாடை எல்லாம் நடந்தபடியே இருந்தன. கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். கதவருகே ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். சின்னவள் அதை அவர் கூப்பிடுகிற மாதிரியே, ஒரு எழுத்து குறையாமல், தண்ணீர் கேட்கிற குரலில் வாசித்தாள்.

அக்கா ஊசியைச் சட்டையில் குத்திவைத்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க?" என்றாள்.