செல்வராணிக்கு உள்ளே என்ன இவ்வளவு நேரம்?

மலாயாவில், செடெனாக் ரயில் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த அந்த இரப்பர் தோட்டத்துக்குச் சாமியார் வருவது மாதா மனசு வைத்தால்தான். மழை, காய்ச்சல், ரயில் என்று ஏதாவது ஒன்று குறுக்கே விழுந்துவிடும். அதனால் வந்த சமயத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலையில் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம், மறுநாள் காலையில் பூசை. ஒரு தடவை தவறவிட்டால், பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகுதான் ஞானஸ்நானம்.

வெள்ளையம்மாளுக்கு அந்தத் தடவை அவசரம் அதிகம். அவள் மகன் சவேரிக்கும் இரப்பர் பால்வெட்டுக்காரர் மகள் செல்வராணிக்கும் பேசி முடித்தாயிற்று. பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலமே சாமியாரிடம் பேரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருகை வரை கல்யாணம் தொங்கும். தொங்குகிற கல்யாணத்தைப் பற்றி தொழிலாளர் லயத்து வீடுகளில் என்ன பேசுவார்கள் என்பது வெள்ளையம்மாளுக்கு நன்றாகத் தெரியும். பேச்சைத் தொடங்கி வைப்பதே அவள்தானே.

கோயில் கிடையாது. பகலில் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற ஆயாக் கொட்டகைதான் அன்றைக்குக் கோயில். தொட்டில் துணிகளையெல்லாம் சுருட்டி மேலே செருகிவிட்டு, ஒரு மூலையில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் பாவி. வழக்கமாகச் சாமியாருக்கு ஒரு கால் ஆடுகிற பெஞ்சிதான். இந்தத் தடவை தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி அந்தோனிப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை.

"சாமியை அந்த வாங்கிலயோ இருத்துறது? என்ர கதிரையைக் கொண்டு போங்கோ!" என்று தன் வீட்டுச் சாய்வு நாற்காலியையே அனுப்பிவிட்டார்.

வெள்ளைக்காரச் சாமியார். புதுச்சேரிப் பக்கம் தமிழ் படித்தவர். காலையில் பக்கத்துத் தோட்டத்தில் மலேரியாவில் போன ஒருவரை அடக்கம் செய்துவிட்டு, சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். தாடியெல்லாம் மண். ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்தார், சாய்வு நாற்காலியைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

வெளியே வரிசை நின்றது. எல்லார் கையிலும் ஜெபமாலை. வெள்ளையம்மாள் கையில் ஓடியதோ ஜெபமாலை மாதிரி இருந்த கடிகாரம். உள்ளே போனவர்கள் மணிக்கு ஒன்றாக ஐந்தாறு பிரியதத்த ஜெபம் சொல்வதற்குள் வந்துவிட்டால் அது அன்றாடப் பாவம். ஜெபமாலையில் பத்து மணியைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய பாவம். அதற்கும் மேலே போனால் மறுநாள் தண்ணிக் குழாயடியில் விசாரணை உண்டு.

செல்வராணி உள்ளே போனாள்.

பத்து மணி உருண்டது. இன்னும் ஒரு பத்து. வெள்ளையம்மாளின் உதடு மாதாவை வாழ்த்திக்கொண்டிருந்தது, கண் மட்டும் வாசல் வழியே தெரிந்த, மண்டியிட்ட செல்வராணியின் இரண்டு உள்ளங்கால்களை விட்டு நகரவில்லை. காலும் நகரவில்லை.

"அலமாக்!" என்றாள் பின்னால் நின்ற அருளாயி. "சின்னப் பொண்ணு, இவ்வளவு பாவத்தை எங்க வச்சிருந்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வெள்ளையம்மாள் வெடுக்கென்று.

"உங்க மருமகதானே, கேட்டேன்."

"இன்னும் ஆகல."

முழு ஜெபமாலையும் முடிந்து சிலுவைக்கே வந்துவிட்டது. அப்புறம்தான் செல்வராணி முகமெல்லாம் வியர்த்து வெளியே வந்தாள். முழங்கால் பட்ட இடத்துத் துணியில் சிமெண்டுத் தரையின் தூசி.

"என்னடி இவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. வரிசை மொத்தமும் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தது.

"ஓலை விஷயம்... யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் வெள்ளையம்மாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. செல்வராணியின் கண் நிறைந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. வாசலோரமாகப் போய், சாமியார் விதித்த அபராத ஜெபத்துக்கு முழங்காலிட்டாள்.

அடுத்த முறை வெள்ளையம்மாளுடையது.

அவள் பாவசங்கீர்த்தனம் செய்கிற அழகே தனி. "சாமி, அருளாயி என் கோழியை விரட்டினதால நான் கோபப்பட்டேன். அவ புருஷன் சம்பளத்தன்னைக்குக் கள்ளுக்கடையில விழுந்து கிடந்ததைப் பார்த்துச் சிரிச்சேன்." இப்படி, தன் பாவத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பாவமெல்லாம் உள்ளே வந்துவிடும். சாமியார் "உம்... உம்..." என்றார்.

கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். "சாமி, இப்ப வந்துச்சே ஒரு பொண்ணு. பெரிசா ஏதும் சொல்லுச்சா? எனக்காகக் கேக்கல, என் மகனுக்காகக் கேக்கிறேன்."

பதில் இல்லை.

பாவசங்கீர்த்தன ரகசியத்தைத் தலையே போனாலும் சாமியார் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சின்ன விஷயமென்றால் ஒரு சிரிப்பாவது சிரித்திருப்பாரே? இவ்வளவு கனத்த மௌனமா? அப்படியானால் விஷயம் பெரிசுதான்.

அப்போது சேலைக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. நீளமான, நிம்மதியான குறட்டை.

வெள்ளையம்மாள் திகைத்துப்போனாள். இருமினாள். வளையலைக் குலுக்கினாள். "சாமி," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். கிராணி வீட்டு நாற்காலி அவரைத் தாலாட்டியது. தொட்டு எழுப்பலாமா? சாமியாரைத் தொடுவதா, அதுவும் ஒரு பொம்பளை! எழுந்து போய்விடலாமா? பாவப் பொறுத்தல் கிடைக்காமல் போனால் நாளைக்கு நற்கருணை வாங்க முடியாது. ஊரே போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறு கதை கட்டுவார்கள். முழங்கால் வலித்தது. மண்டி போட்டபடியே இருந்தாள்.

வெளியே அருளாயியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்னா இவ்வளவு நேரம்? நான் ரெண்டு பத்து முடிச்சுட்டேன்."

"அந்தப் பொண்ணைப் பேசின மாமியாரையே இப்பக் காணோம்," என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள்.

வெள்ளையம்மாளுக்குக் காது சுட்டது. உடனே இன்னொன்றும் உறைத்தது. செல்வராணியும் சாமியார் விழிக்கும்வரை இதே தரையில் இப்படித்தானே கிடந்திருக்கிறாள்! 'சாமி தூங்கிட்டாரு அத்தை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் மானம் நின்றிருக்கும். ஆனால் பிணத்தைப் புதைத்துவிட்டு, சேற்றை மிதித்து வந்த மனுஷனைப் பார்த்து ஊர் கூடி அல்லவா சிரித்திருக்கும்? தன் கல்யாணம் போனாலும் போகட்டும் என்று அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டுவிட்டது. இவளோ, கட்டப்போகிற மாமியார், வரிசை நடுவில் வைத்து அதைக் கூறுபோட்டாள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வேறு யார் வாலும் ஒட்டாத ஒரு பாவம் வெள்ளையம்மாளுக்குக் கிடைத்தது.

'டமார்!' என்று வாசலில் ஒரு சத்தம். குறட்டை அறுந்தது.

"ஐயோ, கை தவறிடுச்சு!" செல்வராணியின் குரல். வாசலோரம் கவிழ்த்திருந்த பால்வாளி ஒன்று கல்லில் உருண்டு இன்னும் கணகணத்துக்கொண்டிருந்தது.

"ஆ... எங்கே நிறுத்தினீர், அம்மா?" என்றார் சாமியார் பதறிப்போய்.

"இனிமேத்தான் சாமி ஆரம்பம்," என்றாள் வெள்ளையம்மாள். சொன்னாள். ரொம்பச் சுருக்கமாகத்தான் வந்தது. சாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாவப் பொறுத்தல் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அருளாயி தயாராக நின்றாள். "என்னக்கா, லயத்துக்கே சேர்த்துச் சொன்னீங்களா?"

அந்த வருஷத்திலேயே பெரிய செய்தி வெள்ளையம்மாளின் நாக்கு நுனியில் வந்து நின்று துள்ளியது. சாமியார் தூங்கிவிட்டார்! குறட்டையோடு! அவள் வாயைத் திறந்தாள். செல்வராணி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பாவம் அதிகம்டி," என்றாள் வெள்ளையம்மாள். "உனக்கென்ன?"

அருளாயி அவசரமாக ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

வெள்ளையம்மாள் சேலைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "சாமி! என் மவன் சவேரிக்கும் செல்வராணிக்கும் நாளைக்கே ஓலை வாசிச்சுடுங்க!" பிறகு வரிசையின் குறுக்கே போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எல்லாரும் போய்ட்டு ஒரு நாழி கழிச்சு வாங்க. சாமிக்குக் கஞ்சி குடுக்கணும். உங்க பாவமெல்லாம் அதுக்குள்ள ஊசிப்போயிடாது."

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். செல்வராணி மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"கோபமா அத்தை?"

வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"வாயை மூடிக்கிட்டு இருக்கியே, அதை எப்படிடி செய்றே? எனக்குச் சொல்லிக்குடு. இப்பவே வயித்தை வலிக்குது."