இரும்புத் தொட்டிக்குள் ஓர் உபதேசியார்

கடவுளிடமிருந்து தப்பி ஓடியவர்கள் பலர் இருக்கலாம். டவுன் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கை பிடித்து ஓடியவன் நான் ஒருவன்தான்.

எங்கள் மாதா கோயில் பங்குக்கு ஓர் உபதேசியார் தேவைப்பட்டார். நோயாளிகள் வீட்டுக்குப் போய், சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்லும் வேலை. பழையவர் தொண்ணூறு வயதில் முட்டிவலி என்று நின்றுவிட்டார். பங்குச் சாமியார் என்னையும் சேர்த்துக் கிழவர்கள் ஏழு பேரைக் கூப்பிட்டார்.

"ஆளுக்கொரு சீட்டுல அவங்கவங்க பேர எழுதிப் போடுங்க. திருவுளச்சீட்டு எடுப்போம். கடவுள் யாரைக் கூப்பிடுறாரோ அவரு வரட்டும்."

என் பெயர் பிரான்சுவா. நான் 'கிளாட்வின்' என்று எழுதிப் போட்டேன். கிளாட்வின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், அவருக்கே கிடைக்கட்டும் என்ற பெருந்தன்மை.

சீட்டைப் பிரித்தார்கள். பிரான்சுவா.

"இருக்கவே முடியாது சாமி!" என்று சீட்டுப் போட்ட பாத்திரத்தைக் கவிழ்த்தேன். அங்கேதான் பிசகிவிட்டது. ஏழு சீட்டில் ஆறு பிரான்சுவா. ஒன்றே ஒன்று கிளாட்வின்.

"எவன்யா எம்பேர எழுதுனது?" என்று எகிறினார் கிளாட்வின்.

"ஏன், நீங்க எழுதலியா?" என்றார் சாமியார்.

"நா பிரான்சுவான்னுல்ல எழுதுனேன்!"

சாமியார் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. "ஆறு கையெழுத்துல கூப்பிட்டிருக்காரு. ஞாயித்துக்கெழம வந்துடுங்க" என்றார்.

மற்றவர்களுக்குச் சோம்பல். எனக்குக் காரணம் இருந்தது. ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்லித் தொடங்குவார், மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். எங்கள் தெருவில் முப்பது வருஷமாகத் தொடங்குகிறவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி ஆனந்தமேரி சாகக் கிடந்தபோது அந்த வாய் திறக்கவில்லை. அவள் என் உதட்டையே பார்த்தபடி போய்விட்டாள். அதிலிருந்து கடவுளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்னொரு கட்டில் பக்கத்தில் போய் வாயடைத்து நிற்க என்னால் ஆகாது.

ஆகவே ஓடினேன். முதலில் அரியாங்குப்பம். பாலம் தாண்டி இறங்கியதும் கோயில் மணி அடித்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினால், டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அதிலும் மணிச் சத்தம். எங்கள் ஊரில் கோயில் மணி கேட்காத இடம் தேடுவது, கடலில் உப்பில்லாத இடம் தேடுவது மாதிரி.

கடைசியில் தட்டாஞ்சாவடிக்குப் போனேன். மில்லில் எனக்குப் பக்கத்துத் தறியில் நின்ற சாமிக்கண்ணு அங்கே ஒரு பட்டறையில் வாட்ச்மேன். இரும்புத் தண்ணீர்த் தொட்டி செய்கிற இடம். ஆள் நிற்கிற உயரத்தில் ஒரு தொட்டி கிடந்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே சுத்தியல் அடிக்கிற அடியில், கடைசித் தீர்ப்பு எக்காளமே ஊதினாலும் கேட்காது. மூன்று நாள் பகலெல்லாம் அதற்குள்தான். இரும்புத்தூள் படிந்து என் வெள்ளை மீசை கறுத்து, இருபது வயது குறைந்துபோனேன். பட்டறைக்காரர்கள் சாட்சி.

"மாத்திரை போட்டுக்கினியா முசே?" என்று சாமிக்கண்ணு மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; என் பெயருக்காக மில்லில் வைத்த பட்டம்.

மூன்றாம் நாள் தொட்டியின் உட்பக்கம் பெயின்ட் அடிக்க சிந்தியா என்ற பெண் இறங்கினாள். என்னைப் பார்த்து அலறவில்லை. பிரஷ்ஷை டப்பாவில் முக்கினாள், அதற்குள் அவள் போன் அடித்தது. கேட்டுவிட்டுப் பிரஷ்ஷைக் கீழே போட்டாள்.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம். சாமியாரு கடலூர் போயிருக்காராம், சாயந்திரந்தான் வருவாராம். பெரியப்பா, நீங்க கோயிலு ஆளுதானே? ஜெபமாலைய கழுத்துல போட்டிருக்கீங்களே, வந்து ஒரு ஜெபம் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து சாமிக்கண்ணு குனிந்தான். "ஏறி வாய்யா. நீ போவலன்னா நான் போயி மாரியாத்தா தாலாட்டு பாடிடுவேன். அந்தப் பாவம் ஒனக்குத்தான்."

போனோம். சிந்தியாவின் அப்பா பெரியநாயகம் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். நான் உட்கார்ந்தேன். வீட்டார் முட்டி போட்டார்கள். ஜெபமாலை மணியைப் பிடித்தேன். அதே மாதிரி, வாய் திறக்கவில்லை. அவரும் என் உதட்டையே பார்த்தார்.

அப்போது உள்ளுக்குள் சொன்னேன்: 'என்னால ஆவல. ஓடவும் ஆவல, சொல்லவும் ஆவல. நீயே பாத்துக்கோ.' சொல்லிவிட்டுக் கையைத் தளர விட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "அருள் நிறைந்த மரியே..." என்று தொடங்கியது. சாமிக்கண்ணு. நெற்றி நிறைய விபூதி. இருபத்தெட்டு வருஷம் பக்கத்துத் தறியில் நான் முணுமுணுத்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். நூல் அறுந்தால் நான் நடுவில் விடும் வசவையும் ஜெபம் என்றே நினைத்து, அதையும் அந்தந்த இடத்தில் பக்தியோடு சொன்னான். சிந்தியாவின் அம்மா அதற்கும் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். மறுபாதி அவனுக்குத் தெரியாது. தறியில் நிற்கும்போது அதை நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வேன்.

மறுபாதி என் வாயிலிருந்து வந்தது. தானாகத்தான் வந்தது. வாழ்நாளெல்லாம் தொடங்கியே பழகியவன், அன்றுதான் பதில் சொன்னேன். அவன் சொல்ல, நான் சொல்ல, ஜெபமாலையில் பத்து மணி உருண்டது. என் மீசைக் கறுப்பு கண்ணீரில் கரைந்து சட்டையில் ஒழுகியது.

பெரியநாயகம் ஒரு கண்ணைத் திறந்தார். "எவன்டா அது, மாதாகிட்டயே வசவு உடுறவன்?" என்றார். பிறகு அவரும் உதட்டை அசைத்துப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் கேட்டார். "மூணு நாளா எங்க போயிட்டீங்க?"

"தொட்டிக்குள்ள இருந்தேன் சாமி."

நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அது. நம்பவில்லை. உபதேசியார் பையை மட்டும் என் தோளில் மாட்டிவிட்டார்.

பெரியநாயகம் மூன்று வாரம் கழித்து, இறால் தொக்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்று ஜெபத்தைத் தொடங்கியது நான். குரல் இரண்டு இடத்தில் நடுங்கியது, நிற்கவில்லை. வெளியே வந்தபோது சாமிக்கண்ணு மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தான்.

"அடுத்து எந்த வூடு?"

"முத்தியால்பேட்டை."

ஏறிக்கொண்டேன்.