புதன்கிழமை, முதல் பஸ்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்பா இறந்ததை அவருடைய அக்காவிடம், அதாவது என் அத்தையிடம், நாங்கள் யாரும் சொல்லவில்லை. பலவீனமான இதயம், அதிர்ச்சி தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எனக்கு அப்படியே அப்பாவின் குரல். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டு, அப்பாவாக அத்தையிடம் பேசினேன். பதினோரு மாதம்.

2
முதல் வரைவில் அத்தை தையல்காரி. (தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமலே போனை எடுத்த அத்தை, தன் தம்பியின்... வேண்டாம்.) உண்மையில் அவள் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். அவளை நான் ஏமாற்றினேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்றுதான் தொழிலை மாற்றினேன். நம்பாவிட்டால் போகிறது, எனக்கே பாதி நம்பிக்கைதான்.

3
ஒரு ஞாயிறு கேட்டாள்: "உன் பையன் இன்னும் கதை எழுதிக்கிட்டுத்தான் இருக்கானா?"

"அவன் எங்கக்கா உருப்படப் போறான்?" அப்பா சொல்லக்கூடியதைத்தான் சொன்னேன்.

"வாயக் கழுவுடா. புள்ள எழுதுனது ஒண்ணு விடாம வெட்டி வச்சிருக்கேன். அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத. தலைகால் புரியாம ஆடுவான்."

போனை வைத்துவிட்டு அழுதேன். (அழுதது அப்பாவுக்காகவா, அத்தைக்காகவா என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. சகிக்கவில்லை, எடுத்துவிட்டேன்.)

4
கடைசி ஞாயிறு அவள் குரல் இறங்கியிருந்தது. "டேய், எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஒருதரம் நேர்ல வந்துட்டுப் போடா."

வழக்கம்போல மூட்டு வலி என்று சொல்லியிருக்கலாம். 'பார்க்கிறேன்' என்று மழுப்பியிருக்கலாம். நான் சொன்னது இது: "புதன்கிழமை வர்றேன்கா. காலையில முதல் பஸ்ல."

நாளையும் பஸ்ஸையும் சேர்த்துச் சொன்னால் பொய்க்கு உயிர் வந்துவிடும். தொழில் புத்தி. சொன்னதை அன்று மாலையே மறந்தும் போனேன்.

புதன்கிழமை காலை அவளுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு நர்ஸ் ஆம்புலன்ஸை வரவழைத்தும் ஏற மறுத்துவிட்டாளாம். "தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கான். பூட்டுன வீட்டப் பாத்தா பதறிடுவான். அவன் வரட்டும், சேர்ந்தே போறோம்." வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் அந்த நாற்காலியிலேயே உயிர் போயிருந்தது.

அத்தையை ஒரு வாக்கியத்தால் கொன்றேன். இதைவிட நயமாக எழுதத் தெரியும். எழுத மாட்டேன்.

5
மாற்று முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது. அத்தைக்கு முதல் ஞாயிறே எல்லாம் தெரியும். தம்பி போய்விட்டான், பேசுவது அவன் பிள்ளை என்று தெரிந்தே, எனக்காக அக்காவாகப் பேசினாள். கதையைப் படித்த நண்பர் இதையே வைக்கச் சொல்கிறார். எனக்கும் சௌகரியமான முடிவுதான்.

ஆனால் அப்படியானால், அன்று அவள் நாற்காலியில் காத்திருந்தது எனக்காக. நானும் போகவில்லையே.

6
'புதன்கிழமை வர்றேன்கா' என்ற இடத்தில் வேறு வாக்கியம் வைக்க நாலு மாதமாகப் பார்க்கிறேன். ["அக்கா, இப்ப என்னால..."] ["அத்தை, நான்தான். அப்பா வந்து..."]

நீங்கள் பேசிப் பாருங்கள். ஞாயிறு, மணி பத்து. போன் உங்கள் கையில். நேரில் வந்துவிட்டுப் போகச் சொல்லி அத்தை கேட்டாயிற்று. உங்கள் மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. ஏதாவது சொல்லுங்கள், பேசாமல் இருந்தால் பயந்துவிடுவாள்.