டால்பினும் தட்டானும் ஒரே விளக்கும்

அருங்காட்சியகத்தின் பின்பக்கப் பட்டறையில் அக்காவும் தங்கையும் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, சண்டைக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. அக்கா செய்தது ஆற்று டால்பின் உருவம். ஆள் நீளத்துக்கு வார்த்து, வண்ணம் பூசிப் படுக்கவைத்திருந்தாள். தங்கை செய்தது தட்டான், சுண்டுவிரல் நீளம். இரண்டும் அவர்கள் வளர்ந்த வடநாட்டு ஆற்றைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற உயிர்கள்தான். ஆனால் வாசல் மண்டபத்தில் காட்சிப்பொருள்மேல் வெளிச்சம் போட இருப்பதோ ஒரே விளக்கு. "எதுன்னு நீங்களே பேசி முடிங்க, மத்தது உள்ளறைக்கு" என்று பொறுப்பாளர் நழுவிவிட்டார்.

"உன் தட்டானைப் பாக்க பூதக்கண்ணாடி வேணும்டி" என்றாள் அக்கா.

"உன்னுது மட்டும் என்னவாம்? மாட்டுக்கண்ணை வெச்சிருக்க. நம்ம ஆத்து டால்பினுக்குக் கண்ணு கடுகத்தனைதான். பேருக்குத்தான் இருக்கு, பார்வை கிடையாது."

அக்காவின் கை நின்றது. கண்ணை எப்போதும் கடைசியாக, ஞாபகத்திலிருந்துதான் பொருத்துவாள். "சின்ன வயசுல அப்பாகூடப் படகுல போனப்ப அது என்னைப் பாத்துச்சுடி. புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு, நேரா என்னை..."

"பாக்கல. அதுக்கு எல்லாமே காதுதான். அன்னிக்கு நம்ம படகுல சத்தமே இல்ல, அதான் கிட்ட வந்துச்சு."

"நீ இருந்த படகுல சத்தம் இல்லையா? யார்கிட்ட கதை விடுற?"

"உன் முட்டியில தட்டான் உக்காந்துச்சுக்கா. அசைஞ்சா கொன்னுடுவேன்னு என்னை மிரட்டுன. அப்பாகூட துடுப்பைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாரு. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தாள். இப்போது முட்டியில் அந்தக் குறுகுறுப்பு திரும்ப வந்தது. தலை முழுக்கக் கண்ணாக ஒரு பச்சைத் தட்டான். அப்பாவின் சட்டையில் ஈர வாசனை. சிரிப்பை அடக்கிக் கன்னம் உப்பியிருந்த, முன்பல் விழுந்த தங்கை.

அந்தக் கரையில் இப்போது சிமெண்டுச் சுவர். கோரை இல்லை, தட்டான் முட்டையிட இடமில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் அணை, டால்பின் ஏறிவர வழியில்லை.

அக்கா பெரிய கண்ணைப் பிடுங்கிவிட்டுக் கடுகளவு மணியை ஒட்டினாள். இருவருமாக டால்பினை மண்டபத்துக்குத் தூக்கிப்போய் மேடையில் வைத்தார்கள். அதன் எதிரே அக்காவே ஒரு கோரைத்தண்டை நட்டு, நுனியில் தட்டானை உட்காரவைத்தாள்.

பொறுப்பாளர் ஓடிவந்தார். "ரெண்டையும் வெச்சா எப்படிம்மா? விளக்கு ஒண்ணுதானே இருக்கு!"

அக்கா விளக்கின் கழுத்தைத் தட்டான் பக்கம் திருப்பினாள். "இதுக்குப் போடுங்க சார். அதுக்குத்தான் கண்ணே தெரியாதே, வெளிச்சம் எதுக்கு?"

தங்கைக்குச் சிரிப்பு முட்டியது. அன்று போலவே கன்னத்தை உப்பிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.