நன்றிப் பக்கத்தில் இல்லாத பேர்

விமலகுமாரி எழுதிய புத்தகம் தபாலில் வந்ததும் ஜெயதாஸ் அட்டையைப் பார்க்கவில்லை, பொருளடக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே நன்றிப் பக்கத்தைப் புரட்டினான். அங்கே அவன் பேர் இல்லை.

மேலிருந்து கீழே பார்த்தான், கீழிருந்து மேலேயும் பார்த்தான். வழிகாட்டிய பேராசிரியர்கள் இருந்தார்கள். நூலகத்து ஊழியர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகக் கேன்டீனில் காப்பி கொடுத்த ரெத்தினதாஸ்கூட இருந்தார். கடைசி வரியில், எழுதும்போது மடியில் படுத்துக் கிடந்த பூனைக்கு நன்றி. அந்தப் பூனைக்கு ஒரு பேர் வேறு, மிட்டு என்று. ஆக, விமலகுமாரிக்குப் பூனை வரைக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது, ஜெயதாஸை மட்டும் மறந்து போயிருக்கிறாள். அவனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அவனும் விமலகுமாரியும் ஒன்றாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். பாறசாலை, குன்னத்துகால் பக்கத்துக் கேரள-தமிழ்நாடு எல்லைக் கிராமங்களில், ஒரே வீட்டில் ஒரு பிள்ளையை மலையாளப் பள்ளிக்கூடத்திலும் இன்னொரு பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கிற வழக்கம் இருந்ததே, அதுதான் ஜெயதாஸின் தலைப்பு. வெயில் மழை பார்க்காமல் வீடு வீடாகப் போய், கிடைத்த தின்பண்டத்தையெல்லாம் தின்று, பேசியவர்களின் குரலையெல்லாம் பதிந்து வைத்தான். அந்த நேரம் பார்த்து கேரள சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வில் ஜெயித்து வேலைக்கு உத்தரவு வந்தது. சர்க்கார் வேலை கையில் வந்த பிறகு ஆராய்ச்சி என்று உட்கார்ந்திருப்பவனை இந்த ஊரில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். பதிவுகள் கிடந்த பென் டிரைவை விமலகுமாரியிடம் கொடுத்து, “நீ வச்சோ, ஒனக்கு உபகாரப்படும்” என்று சொல்லிவிட்டு அவன் நெய்யாற்றின்கரை ஆபீஸில் போய் உட்கார்ந்தான். அவள் விடாமல் படித்து, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனாள்.

இப்போது அவள் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தால் முழுக்க அவன் நடந்த தெருக்கள். குன்னத்துகாலில் ஒரு அம்மாள் அவனிடம் சொன்னது எழுத்து மாறாமல் இருந்தது. “மூத்தவன மலையாளத்துக்கு விட்டேன், இளையவன தமிழுக்கு விட்டேன். ஆருக்க ராஜ்யம் வந்தாலும் நமக்க வீட்டுல ஒருத்தன் உண்டும்லா?” அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அந்தக் கத்திச் சத்தம்கூட ஜெயதாஸுக்குக் கேட்டது. அடிக்குறிப்பில் ‘நேர்காணல், குன்னத்துகால்’ என்று மட்டும் போட்டிருந்தது. எடுத்தவன் யார் என்று இல்லை.

சண்டை பிடிக்க வேண்டுமென்றால் ஒரு போன் போதும். ஆனால் ஜெயதாஸிடம் அதைவிட நல்ல ஆயுதம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ‘அட்டைக்கு உள்ளே’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்தினான். புதிதாக வந்த ஆராய்ச்சிப் புத்தகம், எழுதியவரோடு பேச்சு. கேட்கிறவர்கள் கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கேட்கிறவர்கள் விடாமல் கேட்பார்கள், அதற்குக் காரணம் அவனுடைய முதல் இரண்டு கேள்விகள். வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் நன்றிப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும், “இதுல விட்டுப்போன பேரு ஏதாவது உண்டா?” என்று கேட்பான். அங்கேதான் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் மாட்டுவார்கள். ஒரு வரலாற்றுப் பேராசிரியர் பெண்டாட்டி பேரை விட்டுவிட்டு, ஒலிவாங்கி முன்னால் பேய் முழி முழித்தார்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு விமலகுமாரி ஒற்றசேகரமங்கலத்துத் தன் வீட்டுக்கு வந்திருந்தாள். நிகழ்ச்சிக்கு வரச்சொன்னான், உடனே சரி என்றாள்.

பதிவு செய்வதும் வெட்டி ஒட்டுவதும் அவன் மனைவி ஷிஜி. அவளுக்கு விஷயம் தெரியும்.

“இஞ்ச பாருங்க, அந்த அக்காவுக்க மொகத்துக்கு நேரயா கேக்கப் போறிய? இந்தத் தடவ அந்தக் கேள்விய விட்டிருங்க.”

“எல்லாருட்டயும் கேக்கியத இவளுட்ட மட்டும் விட்டா, கேக்கிய ஆளுவ என்ன நெனப்பாவ?”

“ஓ, கேக்கிய ஆளுவளுக்காக்கும் இந்தக் கவலை!” என்றாள் ஷிஜி.

உள்ளுக்குள் அவன் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தான். அவள் திணறுவாள், அவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பான், அந்த மௌனத்தை ஊர் கேட்கும். சின்னப் புத்திதான். ஆனால் அந்த ஒரு வாரமும் அவனுக்குச் சோறு இறங்கியது அந்த நினைப்பில்தான்.

விமலகுமாரி வந்து மாடி அறையைப் பார்த்ததும் சிரித்தாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரோடு பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“எலே ஜெயதாஸே, இது ஸ்டுடியோவா மெத்தைக்கடையா?”

அவன் சிரிக்கவில்லை. மீன்காரன் ஹாரன் அடித்துப் போகிற வரை காத்திருந்து, ஷிஜி கையைக் காட்டியதும் ஆரம்பித்தான். ஒலிவாங்கி முன்னால் அவனுக்கு வேறு குரல், வேறு தமிழ். “வணக்கம் டாக்டர் விமலகுமாரி. உங்க நன்றிப் பக்கத்தை நேயர்களுக்காக வாசிக்க முடியுமா?”

அவள் வாசித்தாள். பேராசிரியர்கள், நூலகம், கேன்டீன், பூனை. நிறுத்தி, நிதானமாக, ஒரு பேரையும் விழுங்காமல் வாசித்தாள்.

“இதுல விட்டுப்போன பேரு ஏதாவது உண்டா?”

“உண்டு. உங்க பேரு.”

ஒத்திகையில் இது இல்லை.

“ஆனா அது விட்டுப்போகல. மூணாம் அத்தியாயத்து நேர்காணல் எல்லாம் ஜெயதாஸ் எடுத்தது, ஆராய்ச்சிய விட்டப்போ எனக்குத் தந்ததுன்னு எழுதியிருந்தேன். அச்சுக்குப் போறதுக்கு முன்ன நானே எடுத்தேன்.”

“ஏன்?” என்றான். அந்த ஒரு சொல் ஒலிவாங்கிக்கு உரிய குரலில் வரவில்லை.

அவளும் டாக்டர் விமலகுமாரியாக இருப்பதை விட்டுவிட்டாள். “நான் ஊருக்கு வாற ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நீ என்ன சொல்லுவ? அடுத்த வருஷம் லீவு போட்டு எழுதிருவேன் விமலான்னு சொல்லுவ. போன வருஷமும் சொன்ன. எழுதப்போறேன்னு சொல்லியவன, விட்டுட்டான்னு நான் எப்பிடிடே அச்சுல போடுவேன்?”

“பேர மட்டும் போட்டிருக்கலாம்லா?”

“போட்டா, அவன் எதுக்குத் தந்தான்னு கேப்பாவ. சொந்தமா எழுதிக்கிட்டு இரிக்கவன் அவனுக்க நேர்காணல அடுத்தவளுக்குக் குடுப்பானா? நான் செஞ்சது தப்புதான். ரெண்டு தப்புல எது சின்னதுன்னு பாத்தேன், அவ்வளவுதான்.”

கீழே தண்டவாளத்தில் ரயில் ஒன்று போனது. வழக்கமாக ரயில் சத்தம் கேட்டால் ஷிஜி பதிவை நிறுத்துவாள். அன்று நிறுத்தவில்லை.

இது சாக்கு என்று சொல்லிவிட ஜெயதாஸுக்கு ஆசைதான். முடியவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸும் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சர்ச் முற்றத்தில் வைத்துச் சொன்னது, அவள் வீட்டில் வட்டயப்பம் தின்றுகொண்டே சொன்னது. அவளிடம் மட்டுமா சொன்னான்? இந்த ஒலிவாங்கியிலேயே எத்தனையோ தடவை, “எனக்கும் ஒண்ணு பாதியில இரிக்கு, வரும்” என்று சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் எல்லாம் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டிருப்பார்கள். நம்பியவள் இவள் ஒருத்திதான். அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது, அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. கோபமே பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

ஆனாலும் நிகழ்ச்சி நடந்தது. முதல் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம் என்று முறையாகக் கேட்டான், அவளும் முறையாகச் சொன்னாள். மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தபோது, மரச்சீனி சீவிய அம்மாளைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்து, “அதை நீங்களே சொல்லுங்களேன்” என்றாள். அவன் சொன்னான். தன் கதையைத் தானே சொல்லுவது அந்த நிகழ்ச்சியில் அவனுக்கு அதுதான் முதல் தடவை. நன்றாகவே சொன்னான் என்று ஷிஜி பிற்பாடு சொன்னாள்.

கடைசிக் கேள்வியும் எல்லாருக்கும் ஒன்றேதான். “அடுத்து என்ன எழுதறீங்க?”

“கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் இல்ல” என்ற விமலகுமாரி, கொஞ்சம் தயங்கி, “நீ?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அது நாக்கு நுனி வரை வந்தது. ஷிஜி காதில் மாட்டிய ஹெட்போனோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலை எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டு, வெட்டி ஒட்டி, சுத்தம் செய்தவள் அவள்தான்.

“நான் எழுத மாட்டேன் விமலா” என்றான் ஜெயதாஸ். “அடுத்த பதிப்பு வரும்போ எனக்க பேரப் போட்டிரு. நீ மொதல்ல எழுதினது மாதிரியே போடு. ‘ஆராய்ச்சிய விட்டப்போ’ன்னு உள்ள வார்த்தையும் கெடக்கட்டு.”

விமலகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. “இத வேணும்னா பதிவுலேருந்து வெட்டிரலாம்” என்றாள் மெதுவாக.

“வேண்டாம்.”

“சரி. பேர எங்க போடட்டு?”

ஜெயதாஸ் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தான்.

“பூனைக்கு மேல போட்டா போதும்.”